பைகளுக்குக் காவலிருப்பவருக்கும் ஒரு நாள்

எந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் சென்றாலும் ஒருவரை நாம் தவறாமல் காணலாம். ராட்டினத்துக்கு எதிரே மரநிழலில், குடும்பத்தார் அனைவருடைய பைகளையும் செருப்புகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் தம்மைச் சுற்றி வைத்துக்கொண்டு அவர் அமர்ந்திருப்பார். மேலே சுழன்று வருபவர்கள் கையசைத்தால் அவரும் கையசைப்பார். நுழைவுக் கட்டணம் செலுத்தித்தான் அவரும் உள்ளே வந்திருப்பார். ஆயினும் மாலை வரை ஒரு சவாரியிலும் ஏறியிருக்க மாட்டார்.

எங்கள் மருத்துவமனைத் தாழ்வாரங்களிலும் அவரைப் போன்றோரை நாள்தோறும் காண்கின்றோம். மடியில் பரிசோதனை அறிக்கைகள் அடங்கிய கோப்பு, காலடியில் வெந்நீர்ப் பிளாஸ்க், தோளில் மாற்றுடைப் பை. நோயாளியின் மாத்திரை வேளைகளெல்லாம் அவருக்கு மனப்பாடம். தாம் கடைசியாக எப்போது வயிறார உண்டோம் என்பது மட்டும் நினைவில் இராது. நோயாளியின் நலத்தை விசாரிக்கப் பலர் உண்டு. உடனிருப்பவரின் நலத்தை விசாரிப்போர் மிகச் சிலரே.

அவருக்கு ஒரு நாளை எப்படி அமைத்துக் கொடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். காலையில் ஒரு தீம் பார்க்கில் தனியே உலாவி, மாலையில் பழைய நண்பர்களைச் சந்தித்து, இரவு வீடு திரும்பும் ஒரு முழு நாள். சிகிச்சை முடிந்து தேறிய நோயாளிகளும் அத்தகைய நாளை விரும்புவதுண்டு. அவர்கள் கவனிக்க வேண்டியவற்றையும் பின்னர்த் தருகின்றோம்.

ஓய்வு கொள்வது கைவிடுவது ஆகாது

‘நான் போயிட்டா இவரை யாரு பாத்துப்பாங்க?’ என்பதே ஓய்வைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் நாங்கள் கேட்கும் முதற் கேள்வி. அடுத்து வருவது, ‘அவங்க படுத்துக் கிடக்கும்போது நான் சிரிச்சுக்கிட்டு இருக்கிறதா?’ என்பது. முன்னது ஏற்பாட்டால் தீரக்கூடியது. பின்னது மனத்துள் இருப்பது; தீர்ப்பது சற்றுக் கடினம்.

பராமரிப்பவரின் சுமையை மருத்துவ உலகம் இன்று அளந்தே பார்க்கின்றது. ஸ்டீவன் சாரிட் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும் 1980 ஆம் ஆண்டு வெளியிட்ட வினாத்தாள் இதற்குப் பல நாடுகளில் பயன்படுகின்றது. இப்போது பெரிதும் வழங்கும் வடிவில் 22 கேள்விகள் உள்ளன. தமக்கென்று நேரம் இல்லாமற் போனதா, நட்பும் உறவும் தேய்ந்தனவா, உடல்நலம் கெட்டதா என்பன போன்றவற்றை அது கேட்கின்றது. தமக்கான நேரமும் நண்பர்களும் குறைவது ஆடம்பரக் குறை என்று அவ்வினாத்தாள் கருதவில்லை. சுமையின் அடையாளமாகவே கருதுகின்றது.

உறக்கமின்மை, காரணமின்றி எரிச்சல், அடிக்கடி தலைவலி, தம்முடைய சர்க்கரை மாத்திரையையோ இரத்த அழுத்த மாத்திரையையோ உண்ண மறத்தல், நோயாளியிடம் குரல் உயர்த்திவிட்டுப் பின் அழுதல் ஆகியன நாங்கள் அடிக்கடி காணும் அறிகுறிகள். களைத்தவரின் கை மருந்தின் அளவில் பிழை செய்யக்கூடும். இரவு முழுதும் விழித்தவர், நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது அவரோடு தாமும் விழக்கூடும். ஆகவே பராமரிப்பவரின் ஓய்வு நோயாளிக்கும் பாதுகாப்பு.

அந்த ஒரு நாளுக்குப் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது? தங்கை, மைத்துனர், வளர்ந்த பிள்ளை, நம்பகமான அண்டை வீட்டார் என யாரேனும் ஒருவர் இருப்பார். பெரும்பாலோர் உதவ விரும்பாதவர் அல்லர். என்ன செய்வதென்று தெரியாமல் ஒதுங்கி நிற்பவர். அவர்களுக்கு ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, உணவுக்கு முன்னா பின்னா. மூக்குக் குழாய் வழி உணவாயின் எவ்வளவு, எத்தனை மணிக்கொரு முறை. படுக்கையில் இருப்பவரை ஏறத்தாழ 2 மணிக்கு ஒரு முறை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைப்பது. எந்த அறிகுறி தோன்றினால் எந்த எண்ணை அழைப்பது. இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். முதல் நாளே அவரை வரவழைத்து, ஒரு வேளை மருந்தை உங்கள் முன்னிலையில் கொடுக்கச் செய்தால் இருவருக்கும் அச்சம் குறையும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரம் இருமுறையோ மும்முறையோ, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் சிகிச்சையில் இருக்கின்றார். அவருடன் இருப்பவர் சிகிச்சை இல்லாத நாளைத் தேர்ந்தெடுப்பது நலம். கீமோதெரபி பெறுபவருக்கு மருந்தேறிய அடுத்த சில நாட்கள் துன்பமானவை. அவற்றைத் தவிர்த்து, அடுத்த சுற்றுக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம்.

தனியே செல்வதில் உள்ள சுகம்

பூங்காவுக்குத் தனியே செல்வதா என்று சிலர் வியக்கலாம். நம் ஊரில் அது கூட்டமாகச் செல்லும் இடம். தனியே வந்தவரைச் சற்று உற்றுப் பார்ப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஆண்டுக்கணக்கில் பிறருடைய பசியறிந்து, பிறருடைய நடைக்கு ஏற்ப நடந்தவருக்குத் தம் விருப்பப்படி நடப்பதே பெரிய விடுதலை. நீர்ச்சறுக்கில் மூன்று முறை ஏறலாம். ஒரு முறையும் ஏறாமல் மரத்தடியில் அமர்ந்து வேர்க்கடலை கொறிக்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இத்தகைய பூங்காக்களின் தொடக்கத்திலேயே நோய்க்கும் ஓய்வுக்கும் தொடர்பு இருந்திருக்கின்றது. இன்றும் இயங்கிவரும் பொழுதுபோக்குப் பூங்காக்களுள் மிகப் பழையதாகக் கூறப்படுவது டென்மார்க்கில் கோப்பன்ஹேகனுக்கு வடக்கே உள்ள பாக்கன். அதன் வரலாறு 1583 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றது. அங்கே காட்டில் இருந்த ஓர் ஊற்றின் நீர் நோய் தீர்க்கும் என்று நம்பி மக்கள் திரண்டனர். மக்கள் திரண்ட இடத்தில் வித்தை காட்டுவோரும் தின்பண்டம் விற்போரும் வந்து சேர்ந்தனர். நலம் நாடி வந்தவர்களும் அவர்களை அழைத்து வந்தவர்களும் ஒருங்கே மகிழ்ந்த இடமே பின்னர்ப் பூங்காவாயிற்று.

டிஸ்னிலேண்டின் கதையும் ஒரு பெஞ்சில் தொடங்குகின்றது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் தம் மகள்கள் குடை ராட்டினத்தில் சுற்றுகையில், தாம் மட்டும் பெஞ்சில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததாக வால்ட் டிஸ்னி பின்னாளில் நினைவுகூர்ந்தார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் எழுந்தது என்றார். 1955 ஜூலை 17 அன்று அப்பூங்கா கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் திறக்கப்பட்டது. காத்திருப்பவருக்கும் மகிழ்ச்சி வேண்டும் என்பது அதன் அடிப்படை எண்ணங்களுள் ஒன்று.

அயல்நாட்டுப் பெரும் பூங்காக்கள் சிலவற்றில், தனியே வருபவர்க்கென்றே ஒரு வரிசை உண்டு. இருவர் இருவராக அமரும் வண்டியில் மூவர் குடும்பம் ஏறினால் ஓர் இருக்கை காலியாகும். அதில் தனியாளை அமர்த்துவார்கள். அதனால் அவர் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் குறைகின்றது.

நம் பகுதியிலும் இடங்களுக்குக் குறைவில்லை. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வி.ஜி.பி., முட்டுக்காட்டிலுள்ள எம்.ஜி.எம்., மேட்டுப்பாளையத்தை அடுத்த பிளாக் தண்டர், மதுரை பரவையிலுள்ள அதிசயம் எனப் பல உள்ளன. புறப்படுமுன் தொலைபேசியில் சிலவற்றைக் கேட்டறிவது நல்லது. தனியே வருபவருக்கு நுழைவு விதி ஏதும் உண்டா? நீர் விளையாட்டுக்கு எத்தகைய உடை தேவை? பொருள்களைப் பூட்டி வைக்க லாக்கர் கிடைக்குமா? லாக்கர் மிக முக்கியம். பையைப் பூட்டிவிட்டுச் சாவியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், காவல் வேலை அன்று ஒருவருக்கும் இல்லை. பள்ளி விடுமுறை அல்லாத வார நாட்களில் கூட்டம் குறைவாக இருக்கும்.

கைபேசியை எடுத்துச் செல்லுங்கள். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வீட்டை அழைக்க வேண்டாம். மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை பேசுவதென முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அவசரமாயின் வீட்டிலிருந்தே அழைப்பார்கள். முதல் ஒரு மணி நேரம் மனம் வீட்டையே சுற்றும். சிலருக்குத் தனியே அமர்ந்ததும் அழுகை வரும். நீண்ட நாள் அடக்கியது வெளிவருகின்றது, அவ்வளவே. சற்று அமர்ந்து, தண்ணீர் பருகி, பின்னர் நடக்கலாம்.

மாலையில் நண்பர்கள்

நோய் வீட்டுக்குள் வந்தபின் நண்பர்கள் குறைந்துபோவது பலருடைய அனுபவம். முதல் மாதம் பழங்களுடன் வந்தவர்கள் ஆறாம் மாதம் வருவதில்லை. பராமரிப்பவர், ‘நம்மை மறந்துவிட்டார்கள்’ என்று எண்ணுகின்றார். நண்பரோ, ‘இந்த நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது’ என்று எண்ணுகின்றார். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க, ஆண்டுகள் கழிகின்றன.

இது சிறிய இழப்பு அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, உலக மக்களில் 6 பேருக்கு ஒருவர் தனிமையுணர்வால் வாடுவதாகக் கூறுகின்றது. ஆண்டுதோறும் 8,71,000க்கும் மேற்பட்ட மரணங்கள் அதனுடன் தொடர்புடையவை என்றும் மதிப்பிடுகின்றது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938 ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை தொடரும் நெடுங்கால ஆய்வும், முதுமையில் நலமாக வாழ்வதற்கு நெருங்கிய உறவுகள் பெருந்துணை என்றே காட்டுகின்றது. தனியே இருப்பது வேறு. தனிமையில் வாடுவது வேறு. காலையில் விரும்பித் தனியே இருந்தவர், மாலையில் நண்பர் முகம் பார்த்தால் அந்நாள் நிறைவு பெறும்.

யார் முதலில் பேசுவது என்று தயங்குபவர்க்கு நாங்கள் சொல்வது, நீண்ட விளக்கம் தேவையில்லை என்பதே. ‘வியாழக்கிழமை எனக்கு லீவு. சாயந்திரம் அஞ்சு மணிக்கு டீ சாப்பிடலாமா? உடம்பைப் பத்திப் பேச வேண்டாம், சும்மா பேசணும்’ என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும். ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்ற கணக்கை இருவருமே தொடங்காதிருப்பது நல்லது.

இதழைப் படிக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். சந்தித்தவுடன், ‘அவர் எப்படி இருக்கார்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘நீ எப்படி இருக்கே?’ என்றும் கேளுங்கள். வேறு மருத்துவமனை, வேறு மருந்து, உறவினர் ஒருவருக்கு நேர்ந்த கதை ஆகியவற்றை அன்று தவிர்த்துவிடுங்கள். ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்பதைவிட, ‘ஞாயிற்றுக்கிழமை காலையில நான் வந்து அவர்கூட இருக்கேன், நீ தூங்கு’ என்பது ஆயிரம் மடங்கு உதவி. முன்னதற்குப் பெரும்பாலோர் ‘ஒண்ணும் வேணாம்’ என்றே விடை கூறுவர்.

தேறிய நோயாளி செல்வதாயின்

நீண்ட சிகிச்சைக்குப் பின் தனியே வெளியே செல்வது, தம் உடல் மீது நம்பிக்கை திரும்புவதற்கான நல்வழி. உலாவலாம், காட்சிகளைப் பார்க்கலாம், மெதுவான ராட்டினங்களில் ஏறலாம். வேகமான சவாரிகளுக்கு மட்டும் மருத்துவரின் அனுமதி வேண்டும்.

ஏன் என்பதற்கு ஓர் ஆய்வு. ஜெர்மனியின் மான்ஹைம் நகர மருத்துவர்கள், நல்ல உடல்நலமுள்ள 55 பேரை மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் ரோலர் கோஸ்டரில் ஏற்றி அவர்களுடைய இதயத் துடிப்பைப் பதிவு செய்து, முடிவுகளை 2005 ஆம் ஆண்டு வெளியிட்டனர். சவாரிக்கு முன் நிமிடத்துக்குச் சராசரியாக 91 ஆக இருந்த துடிப்பு 153 வரை உயர்ந்தது. நலமுள்ள இதயம் இதனைத் தாங்கும். மாரடைப்பு வந்த இதயத்துக்கும், துடிப்பில் ஒழுங்கின்மை உள்ள இதயத்துக்கும் இது ஆபத்தாகலாம்.

வேடிக்கையான மறுபக்கமும் உண்டு. மிச்சிகன் பகுதி நோயாளிகள் சிலர், டிஸ்னி பூங்காவில் ரோலர் கோஸ்டரில் ஏறியபின் சிறுநீரகக் கல் வெளியேறியதாக மருத்துவர் டேவிட் வார்ட்டிங்கரிடம் கூறினர். அவர் சிலிக்கோனால் ஒரு சிறுநீரக மாதிரி செய்து, அதில் உண்மையான கற்களை இட்டு, முதுகுப்பையில் வைத்துப் பலமுறை சவாரி செய்தார். பின் இருக்கையில் சுமார் 64 விழுக்காடு கற்கள் நகர்ந்து வெளியேறின. முன் இருக்கையில் சுமார் 17 விழுக்காடு மட்டுமே. 2016 ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வுக்கு 2018 இல் இக்நோபல் பரிசு கிடைத்தது. இது மாதிரியைக் கொண்டு செய்த சோதனை என்பதை நினைவிற் கொள்க. கல் உள்ளவர்கள் சவாரியை மருந்தாகக் கொள்ளாமல் சிறுநீரகவியல் பிரிவுக்கே வருக.

வேகச் சவாரிகளை மருத்துவரைக் கேளாமல் ஏறக் கூடாதவர்கள்: இதய நோயாளிகள், பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கழுத்து அல்லது முதுகெலும்புக் கோளாறு உள்ளவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள், எலும்புத் தேய்மானம் மிகுந்தவர்கள், விழித்திரைச் சிகிச்சை பெற்றவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்பவர்கள். கருவுற்ற பெண்கள் அவற்றை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

நீர் விளையாட்டுக்கும் வரம்பு உண்டு. ஆறாத புண், தையல், டயாலிசிஸுக்காகக் கழுத்திலோ மார்பிலோ பொருத்திய குழாய், கையில் மருந்தேற்றும் குழாய் உள்ளவர்கள் நீரில் இறங்கலாகாது. கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர்கள் குளங்களையும் நெரிசலையும் தவிர்க்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுச் செல்ல வேண்டாம். வெப்பத்தில் அது வீரியம் இழக்கும். நெடுநேரம் நடப்பதாலும் வெயிலாலும் சர்க்கரை திடீரெனத் தாழலாம். குளுக்கோஸோ மிட்டாயோ லாக்கரில் அன்றிச் சட்டைப்பையில் இருக்கட்டும். நீர் பிரியும் மாத்திரை உண்பவர்கள் எவ்வளவு தண்ணீர் பருகலாம் என்று முன்பே கேட்டறிக. நோய், மருந்துகள், ஒவ்வாமை, வீட்டாரின் எண் ஆகியவற்றை எழுதிய ஒரு சீட்டு உடலோடு இருக்க வேண்டும். தனியே செல்பவருக்காகப் பேசக்கூடியது அச்சீட்டு ஒன்றே.

நோயாளி தரக்கூடிய பரிசு

நோயாளிகளிடம் ஒன்று கூற விரும்புகின்றோம். ‘எல்லாருக்கும் பாரமாயிட்டேன்’ என்ற சொல்லை உங்கள் கட்டிலருகே பலமுறை கேட்டிருக்கின்றோம். எப்போதும் பெற்றுக்கொள்பவராகவே இருப்பது நோயினும் கொடிதாகச் சிலருக்குத் தோன்றுகின்றது. உங்களால் கொடுக்கக்கூடியது ஒன்று உண்டு. பராமரிப்பவர் தாமாக ஓய்வு கேட்க மாட்டார். கேட்டாலும் குற்றவுணர்வுடனே செல்வார். நீங்களே, ‘நீ போயிட்டு வாம்மா, இன்னிக்கு உன் தம்பி என்கூட இருப்பான். வந்து எல்லாத்தையும் எனக்குச் சொல்லு’ என்று கூறினால் அந்தக் குற்றவுணர்வு பெருமளவு நீங்கும். உங்கள் அனுமதி இன்றிப் பெற முடியாத ஓய்வு அது.

சென்றவர் திரும்பியதும், ‘இத்தனை நேரமா?’ என்று கேட்காதீர்கள். என்ன பார்த்தார், யாரைச் சந்தித்தார், என்ன உண்டார் என்று கேளுங்கள். மருந்தும் பரிசோதனையும் தவிர வேறொன்றைப் பற்றி நீங்கள் இருவரும் பேசி எத்தனை நாளாயிற்று!

தீம் பார்க் செல்லப் பணமோ உடல்வலிமையோ எல்லோருக்கும் அமையாது. அதுவே வேண்டுமென்பதும் இல்லை. மெரினா மணலில் இரண்டு மணி நேரம், கோயில் குளப்படியில் ஒரு மாலை, தோழி வீட்டுத் திண்ணையில் ஒரு காபி ஆகியவையும் அதே பயனைத் தரும். முன்பே நாள் குறித்தல், பொறுப்பை ஒருவரிடம் முறையாக ஒப்படைத்தல், மாதம் ஒரு முறையேனும் தவறாமல் செய்தல் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

ஒரு நாளுக்குக்கூட மாற்றாள் கிடைக்காதவர்கள், அடுத்த முறை வரும்போது வார்டுச் செவிலியரிடமோ மருத்துவச் சமூகப் பணியாளரிடமோ தயங்காமல் கூறுங்கள். வழி காண முயல்வோம். மனச்சோர்வு மிகுந்து, வாழ்வே வெறுத்ததுபோல் தோன்றினால் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் உதவி எண்ணாகிய 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

நாட்காட்டியில் அடுத்த பரிசோதனைத் தேதியைக் குறித்துக்கொள்ளும்போது, உடனிருப்பவருக்கான ஒரு நாளையும் அதனருகே குறித்துவிடுங்கள்.